பட்டியலில் இருந்த பத்மாவதி

“பத்மாவதி!”

ஓட்டுச்சாவடிக்குள்ளிருந்து குமாஸ்தா கூப்பிட்டார். யாரும் அசையவில்லை.

“பத்மாவதி! யாரம்மா பத்மாவதி?”

மேசைக்கு எதிரே நம்பர் சீட்டை நீட்டியபடி நின்றிருந்த என் அம்மா, திரும்பி வரிசையைப் பார்த்தாள். பிறகு அந்தப் பத்மாவதிக்கு வழிவிடச் சற்று ஒதுங்கி நின்றுகொண்டாள்.

“இன்னாம்மா, காது கேக்கலியா? யாரு பத்மாவதி? உன்னத்தான் கூப்புட்றாங்க, முன்னால வா” என்று வரிசையைப் பார்த்துச் சத்தம் போட்டவளும் அவள்தான்.

ரவிக்கையில் காகித பாட்ஜைக் குத்திக்கொண்டு நான் கதவருகே நின்றிருந்தேன். அந்த அறையில் பத்மாவதி யார் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

மெம்பர் போன செய்தி

எங்கள் பார்லிமெண்டு மெம்பர் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். அதனால் வந்த இடைத்தேர்தல் அது. எனக்கு அப்போது பதினெட்டு வயது. பள்ளி முடித்துவிட்டு, ஆசிரியைப் பயிற்சியில் சேரக் காத்திருந்தேன்.

டோல்கேட்டுக்குக் கிழக்கே, மணலும் தாரும் மீனும் மணக்கும் கடலோரத்தில் எங்கள் குப்பம். வடக்கிலிருந்து காற்று அடித்தால் தீப்பெட்டிக் கம்பெனியின் கந்தக நெடி. தெற்கிலிருந்து அடித்தால் பேசின் பிரிட்ஜ் கரி. துறைமுகச் சங்கு ஊதினால்தான் எங்களுக்கு மணி தெரியும். ஹார்பருக்கு மூட்டை தூக்கப் போய்த் திரும்பியவர்கள்தான் அந்தச் செய்தியையும் கொண்டுவந்தார்கள்.

“நம்ம மெம்பர் பூட்டாருப்பா. டில்லியிலயே.”

அம்மா அப்போதுதான் வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் மீன் விற்றுவிட்டு வந்து கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள். கூடையை வைத்தவள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“உசுரோட இருந்தப்ப அவருக்கு ஒரு ஓட்டுப் போட முடியல” என்றாள். அழவில்லை. கோபமாகச் சொன்னாள்.

எரிந்த குப்பம்

அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு சித்திரை மாதம் இருக்கிறது. ஒரு பகல் பொழுதில் எங்கள் குப்பம் முழுக்க எரிந்தது. ஓலை வீடுகள், காற்று வேறு. சங்கு ஊதி அடுத்த சங்கு ஊதுவதற்குள் சுவர் எது, தெரு எது என்று தெரியாமல் போனது.

மறுநாள் காலை அவர் வந்தார். அப்போது அவர் மெம்பர் இல்லை, தேர்தலே வரவில்லை. வெள்ளை வேட்டியில் கரி படப் படக் குப்பம் முழுக்க நடந்தார். பிறகு கரையில் கிடந்த கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டாரின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதினார்.

எங்கள் முறை வந்தபோது அப்பா பேச வாயெடுத்தார். அவரோ அம்மாவைப் பார்த்து, “உங்க பேர் என்னம்மா?” என்றார்.

வெளி மனிதர்கள் எங்கள் பெண்களைப் பெயர் கேட்பதில்லை. தெருவில் கூப்பிடுவதே “ஏ, மீனு!” என்றுதான். கூடைக்குள் இருப்பதற்கும் கூடையைச் சுமப்பவளுக்கும் ஒரே பெயர். அம்மா கொஞ்சம் தயங்கி, “தவுட்டம்மா” என்றாள். அவர் சிரிக்காமல், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ‘தவிட்டம்மாள்’ என்று எழுதினார். அந்த வாரமே மூங்கிலும் ஓலையும் வண்டியில் வந்து இறங்கின.

முதல் பொதுத்தேர்தலில் அவர் நின்றார். அம்மா மஞ்சள் பூசிக் குளித்து, பூ வைத்துக்கொண்டு சாவடிக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பிவந்தாள். ஓட்டர் பட்டியலுக்குக் கணக்கெடுக்க வந்தவரிடம் அப்பா, “நம்ம வூட்டுப் பொம்பள” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவரும் ‘முருகேசன் மனைவி’ என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார். சொந்தப் பெயர் கொடுக்காத பெண்களையெல்லாம் மேலிடத்தில் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள்.

“பேரு இல்லாதவளுக்கு ஓட்டு இல்லியாம்” என்று சொல்லிக்கொண்டே அன்று அம்மா பூவை எடுத்து மாடத்தில் வைத்தாள். அந்த வாசனை இரண்டு நாள் வீட்டில் இருந்தது.

தவிடு

இந்த இடத்தில் அம்மாவின் பெயரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

முன்னே பிறந்த குழந்தைகள் தங்காத வீட்டில் அடுத்ததாக ஒன்று பிறந்தால், எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிடுவார்கள். பிறகு ஒரு படி தவிட்டைக் கொடுத்து அவளிடமிருந்து திரும்ப வாங்குவார்கள். தவிட்டு விலைக்கு வந்த பிள்ளை, யாரும் ஆசைப்பட மாட்டார்கள், எமனும் கண் வைக்க மாட்டான் என்று நம்பிக்கை. அப்படி வாங்கப்பட்டவள் என் அம்மா.

எனக்கு வீட்டில் கஸ்தூரி என்று பெயர் வைத்தார்கள். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் பார்த்த முதல் பிள்ளை நான். கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் விரல்கள் என்னுடையவை. இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கழுத்து கொஞ்சம் நிமிரும், மறைக்க மாட்டேன்.

ராயபுரத்தில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த முதல் நாள், ரிஜிஸ்டருக்காக டீச்சர் தாயார் பெயரைக் கேட்டார். சொன்னேன். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, “தவிடா? எங்க வீட்டு மாட்டுக்குப் போடுவோமே!” என்றாள். வகுப்பே சிரித்தது. டீச்சர் அதட்டினார். ஆனால் அதட்டுவதற்கு முன் அவரும் உதட்டைக் கடித்ததை நான் பார்த்துவிட்டேன்.

அதன் பிறகு யார் கேட்டாலும் அம்மாவின் பெயர் பத்மாவதி என்று சொல்லத் தொடங்கினேன். அது என் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயார் பெயர். பள்ளி ஆண்டு விழாவுக்குப் பட்டுப் புடவையும் கைப்பையுமாக ரிக்‌ஷாவில் வந்து இறங்குவார். அவர் நடக்கும்போது சந்தனச் சோப்பு மணக்கும். பொழுது விடிந்தால் மீன் செதிலும் உப்புமாக இருக்கும் என் அம்மாவுக்கு, அந்தப் பெயரையாவது கொடுக்க நினைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மெம்பர் உயிரோடிருந்தபோதே, பட்டியலைத் திருத்த ஒருவர் குப்பத்துக்கு வந்தார். காதில் பென்சில், கையில் பெரிய நோட்டு. அப்பா கடலில், அம்மா வியாபாரத்தில். வீட்டில் நான் மட்டும் பூகோளம் படித்துக்கொண்டிருந்தேன்.

“போன தடவை முருகேசன் மனைவின்னு இருந்துதும்மா. இந்தத் தடவை சொந்தப் பேர் வேணும்” என்றார்.

“பத்மாவதி” என்றேன்.

வாய் பழகிவிட்டது. அவர் என் பூகோளப் புத்தகத்தைப் பார்த்து, “பேஷ், படிச்ச வீடு” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் திருத்திச் சொல்லவில்லை.

ஏணியும் தராசும்

இடைத்தேர்தல் வந்ததும் குப்பத்துக்குத் திருவிழா வந்தது. டிராம் நின்றுபோனதைப் பற்றிச் சில வாரங்களுக்கு முன் இந்தப் பத்தியில் எழுதியபோது, “அந்த மணிச் சத்தம் போனபிறகு தெருவே ஊமையாகிவிட்டது” என்று தண்டையார்பேட்டை வாசகி ஒருவர் கடிதம் போட்டிருந்தார். அம்மணி அந்தத் தேர்தல் மாதத்தில் எங்கள் பக்கம் வந்திருந்தால் காதைப் பொத்திக்கொண்டு போயிருப்பார். ஜட்கா வண்டியில் குழாய் கட்டிக்கொண்டு வந்து அலறுவார்கள். குதிரை மிரளும், குழாய் ஒரு பக்கம் பேசும், வண்டி ஒரு பக்கம் போகும்.

முக்கியமாக இரண்டு பேர் நின்றார்கள். ஒருவருக்கு ஏணிச் சின்னம், ஒருவருக்குத் தராசு. பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காவும் மீன்காரிதான். அவள் வாய்க்கு முன்னால் எந்தக் குழாயும் நிற்காது.

“யோவ், நாங்க கூறு வெச்சு விக்கிறவங்க. தராசப் புட்ச்சவன் எங்கள ஏமாத்துனதுதான் உண்டு” என்று தராசுக்காரர்களை விரட்டுவாள். ஏணிக்காரர்கள் சிரித்தால், “நீ இன்னா சிரிக்கிற? ஏணில ஏறினவன் எறங்கி வந்துகீறானா?” என்பாள்.

அம்மா எதிலும் கலந்துகொள்ளவில்லை. “அவரு குந்துன எடத்துல ஒருத்தரு போய்க் குந்தப் போறாரு. என்னக் கேட்டுகினுதான் போவணும்” என்பாள். யாருக்குப் போடப்போகிறாய் என்றால், “அது பெட்டிக்கும் எனக்கும்” என்பாள்.

அச்சடித்த பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன். ‘பத்மாவதி, கணவர் முருகேசன்.’ அச்சில் அந்தப் பெயர் அவ்வளவு அழகாக இருந்தது. சந்தோஷமாக வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில்தான் அது உறைத்தது. இந்தப் பெயரை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் காரணத்தையும் சொல்ல வேண்டுமே?

நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். தேர்தலுக்கு முந்தின நாள் மாலை, அம்மா இருந்த ஒரே நல்ல புடவையை மடித்துப் பாய்க்கு அடியில் வைத்துக்கொண்டே கேட்டாள்:

“பேரு அச்சுல வந்துகீதா?”

“வந்துகீதும்மா.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன்.”

நம்பரை மட்டும் காட்டினால் போதும், பெயரை யார் கேட்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

வேல் வைத்திருப்பவர்

பெண்களுக்கென்று தனிச் சாவடி வைத்திருந்தார்கள். வரிசையைப் பார்த்துக்கொள்ள அந்தப் பக்கத்துப் படித்த பெண் ஒருத்தி வேண்டும் என்று தலைமை அதிகாரி கேட்டதால், எனக்கு அந்த பாட்ஜ் கிடைத்தது. அதிகாரி நரைத்த தலைக்காரர். வேறு ஊரில் டிராயிங் மாஸ்டராம். சாந்தமானவர்.

அப்போதெல்லாம் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி. பெட்டி மேல் சின்னம் ஒட்டியிருக்கும். மறைப்புக்குப் பின்னால் போய், வேண்டியவர் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். அஞ்சலை அக்கா ஒரு பெட்டிக்குத் தன் தலைப்பூவைக் கிள்ளி வைத்துவிட்டு வந்தாள். இன்னொருத்தி சர்க்கார் கொடுத்த சீட்டாயிற்றே என்று சுருக்குப்பையில் பத்திரமாக முடிந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள். அவளைத் திரும்ப உள்ளே அனுப்பியது நான்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்புறம் அம்மா உள்ளே போனாள். குமாஸ்தா பெயரைக் கூப்பிட்டார்.

பத்மாவதி வராததால் அவர் அம்மாவின் சீட்டை வாங்கி மறுபடி பார்த்தார். “நம்பர் இதுதானே? உன் பேர் என்னம்மா?”

“தவுட்டம்மா.”

ஏணிக்காரரின் ஏஜெண்டு, மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர், உடனே எழுந்தார். “ஆட்சேபிக்கிறேன் சார். ஆள் மாறாட்டம்.”

“இரும்” என்றார் அதிகாரி. “அம்மா, உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்க.”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எங்கள் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. வரிசை முழுவதும் அவளுக்கு உதவிக்கு வந்தது.

“பயனி மலை மேல கீறாரே, அவரு பேரு!”

“வேலு வெச்சிகினு கீறவரு!”

“ரெண்டு பொண்டாட்டிக்காரரு!” என்றாள் அஞ்சலை அக்கா, வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. “சாமிக்குத்தான் ரெண்டு. இவ ஊட்டுக்காரருக்கு ஒண்ணே பேஜாரு!”

அதிகாரிகூடச் சிரித்துவிட்டார். ஏஜெண்டு சிரிக்கவில்லை. “சார், வேல் வைத்திருப்பவர் என்றால் வேலாயுதமாக இருக்கலாம், ஆறுமுகமாக இருக்கலாம். இந்தப் பட்டியலிலேயே பாதிப் பேர் அவர்தான். தவிர, இந்த அம்மாளே தன் பெயர் வேறு என்று சொல்கிறார். போலீஸைக் கூப்பிடுங்கள்.”

போலீஸ் என்றதும் வரிசை அடங்கிவிட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். பயந்து பார்க்கவில்லை. படித்தவள் நீ, இது என்ன குழப்பம் என்று கேட்பதுபோலப் பார்த்தாள்.

நான் உள்ளே போனேன். “சார், இது எங்க அம்மா. அம்மாவுக்கு ரெண்டு பேரு. வீட்டில் ஒண்ணு, பட்டியலில் ஒண்ணு.”

இவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அதிகாரிக்கும் அது திருப்தியாகத்தான் இருந்தது. முறைக்காக அம்மாவைக் கேட்டார்: “அப்படியாம்மா? பத்மாவதின்னும் உங்களுக்குப் பேர் உண்டா?”

“இல்ல அய்யா” என்றாள் அம்மா. “அப்படி யாரும் எங்க வூட்ல இல்ல.”

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரவிக்கையில் குத்தியிருந்த பாட்ஜ் ஒரு பலகைபோலக் கனத்தது.

“நான்தான் கொடுத்தேன் சார்” என்றேன். “கணக்கெடுக்க வந்தவரிடம் பொய்ப் பெயர் கொடுத்தேன். அம்மாவின் பெயரைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.”

வேண்டுமென்றேதான் புத்தகத் தமிழில் சொன்னேன். வரிசைக்குப் புரியாமல் இருக்கட்டும் என்று. ஜன்னலிலிருந்து அஞ்சலை அக்கா, “அடிப்பாவி” என்று மெல்லச் சொன்னாள். எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

அதிகாரி பேனாவின் மூடியைத் திறந்தார். பிறகு ஒரு தாளை எடுத்தார். “ஆள் இவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எனக்குப் பட்டியல்தான் பிரமாணம். ‘பட்டியலில் உள்ள பத்மாவதி நான்தான்’ என்று எழுதித் தருகிறேன். அம்மா ரேகை வைக்கட்டும். வைத்துவிட்டுத் தாராளமாக ஓட்டுப் போடட்டும்.”

ஏஜெண்டும் உட்கார்ந்துவிட்டார். அம்மா அந்தத் தாளைப் பார்த்தாள். எழுதியிருப்பது அவளுக்குப் படிக்கத் தெரியாது.

“இதுல இன்னா எயுதிகீது?” என்று என்னைக் கேட்டாள்.

படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை.

“சும்மா ஒரு ரேகைதானேம்மா” என்றார் அதிகாரி.

“நீ நல்லவன் நைனா. உன் மேல தப்பு இல்ல” என்றாள் அம்மா. “அந்த மெம்பரு என் பேரக் கேட்டுகினு எயுதினாரு. அவரு எடத்துக்குப் போடற ஓட்ட வேற ஒருத்தி பேர்ல போட மாட்டேன். பத்மாவதின்னு யாராச்சும் வந்தா அவங்களே போட்டுக்கட்டும்.”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள். என்னைக் கடக்கும்போது நிற்கவில்லை. அடுத்து நின்றவளிடம், “போம்மா, உன் முறை” என்று மட்டும் சொன்னாள்.

கருவாடு

பெட்டிகளுக்கு அரக்கு வைக்கும்வரை நான் அந்தக் கதவருகே நின்றேன். குப்பத்துப் பெண்கள் ஒவ்வொருவரும் மை வைத்த விரலோடு வெளியே வந்தார்கள். சிலர் என்னிடம் காட்டினார்கள். சிலர் என்னைப் பார்க்காமல் போனார்கள்.

அந்த வாரமே திருத்த மனு எழுதி, நானே ஆபீசுக்கு நடந்துபோய்க் கொடுத்தேன். அடுத்த பொதுத்தேர்தலில் தவிட்டம்மாள் ஓட்டுப் போட்டாள். வேல் வைத்திருப்பவரைச் சொல்லி வரிசை மறுபடியும் சிரித்தது. ஆனால் அந்த மெம்பருக்காக அவள் போட நினைத்த ஓட்டு அதுவல்ல. அது இனி வராது.

இடைத்தேர்தல் நாளுக்கே திரும்புகிறேன். நான் வீடு திரும்பியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மா நல்ல புடவையை மாற்றிவிட்டு, மணலில் காயப்போட்டிருந்த கருவாட்டை அள்ளிக்கொண்டிருந்தாள். கடல் சத்தமில்லாமல் கிடந்தது.

“துன்னியா?” என்றாள்.

“இல்ல.”

“கொயம்பு கீது. போ.”

நான் போகவில்லை. பக்கத்தில் குந்தி, நானும் அள்ளினேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மணலை உதறி உதறிக் கூடையில் போட்டோம்.

“எதுக்குடி அந்தப் பேரு வெச்ச?”

“ஸ்கூல்ல சிரிச்சாங்கம்மா. உனக்கு நல்ல பேரா ஒண்ணு இருக்கட்டும்னு...”

அம்மா கையிலிருந்த கருவாட்டின் மேல் ஒட்டிய மணலை விரலால் தட்டினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“எனக்கு முன்ன பொறந்த மூணுக்கும் நல்ல பேராத்தான் வெச்சாங்க” என்றாள். “ராஜலட்சுமி. செல்வகுமாரி. மூணாவது ஆம்பளப் புள்ள, பூபதி. ஒண்ணுகூட வருசம் திரும்பல.”

எனக்கு ஒரு மாமாவும் இரண்டு பெரியம்மாக்களும் இருந்திருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. அந்தப் பெயர்களை அம்மா அதற்குப் பிறகு சொன்னதில்லை.

“தூக்கு” என்றாள். கூடையின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள், மறு பக்கத்தை நான் பிடித்தேன்.